காலைக் காக்கும் பூட்ஸைக் கேட்டு வாங்குவோம்!



செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் வந்துவிட்டால் பினாங்கில் மழை விட்டபாடில்லை. ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் இருப்பவருக்கு அது குடை விரிக்கும் காலம். செபராங் பிறைத் தோட்டங்களில் இருப்பவருக்கோ அது சேற்றோடு மல்லுக்கட்டும் காலம். பொழுது விடியும் முன்னே பெரட்டுக்கு ஓடி, கணுக்கால் புதைகிற களிமண்ணில் நிரை நிரையாக நடந்து, பள்ளத்துத் தண்ணீரைத் தாண்டி வேலை செய்கிற கால்கள் நம்முடையவை.

அந்தக் காலுக்குப் பூட்ஸ் இருக்கிறதா என்பதுதான் இன்றைய கேள்வி. தோட்டத்துக்குத் தோட்டம் போகும்போது நாங்கள் கேட்டுப் பார்த்தோம். "பூட்ஸ் எங்கேங்க?" என்று கேட்டால் நான்கு விதமான பதில் வருகிறது.

"ஸ்டோர்ல இல்லையாம்."

"கொடுத்தாங்க, ஆனா சம்பளத்துல புடிச்சிட்டாங்க."

"ஆம்பளை சைஸ்தான் இருக்கு, எனக்குச் சேரல."

"வீட்ல கெடக்குங்க. போட்டா வேலை ஓடல."

இந்த நான்கு பதிலுக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும். "பூட்ஸ் ஒரு பெரிய விஷயமா? இதற்கு ஒரு பக்கம் எழுத வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். கால் போனால் வேலை போகும். வேலை போனால் அடுப்பு அணையும். இதைவிடப் பெரிய விஷயம் நமக்கு எது?

உலகத்துக்குப் பூட்ஸ் கொடுத்தவர் யார்?

ரப்பர் பூட்ஸ் எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரன் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். அமேசான் காட்டு மக்கள் பால்மரத்துப் பாலைக் கால் வடிவ அச்சில் பூசி, புகையில் காயவைத்துச் சப்பாத்து செய்துவந்தார்கள். ஆனால் பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று 1839இல் கண்டறிந்து, 1844இல் அதற்கு உரிமை பெற்றார். அவரிடம் அனுமதி வாங்கிய ஹைராம் ஹட்சின்சன் என்னும் அமெரிக்கர் 1853இல் பிரான்சில் ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலை தொடங்கினார்.

பிறகு 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ஐரோப்பாவில் சிப்பாய்கள் பதுங்கு குழிகளில் மாதக்கணக்கில் தண்ணீரிலும் சேற்றிலும் நின்றார்கள். கால் ஊறி, மரத்து, அழுகத் தொடங்கியது. துப்பாக்கிக் குண்டு படாமலேயே ஆயிரக்கணக்கானோர் நடக்க முடியாமல் போனார்கள். பிரிட்டிஷ் இராணுவம் பதறிப்போய், எடின்பரோ நகரில் இருந்த நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனியிடம் பூட்ஸ் கேட்டது. போர் முடிவதற்குள் அந்தக் கம்பெனி செய்து கொடுத்தது 1,185,036 ஜோடி!

அந்தக் காலத்தில் உலகத்து ரப்பரில் பெரும் பங்கு மலாயாவிலிருந்துதான் போனது. வட மலாயாத் தோட்டங்களின் ரப்பர், பினாங்குத் துறைமுகத்தில் வெல்ட் கீ கிடங்குகளில் அடுக்கி வைக்கப்பட்டுக் கப்பலேறியது. அதைச் சீவியவர் யார்? நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் தாத்தாவும் பாட்டியும்தான். அவர்கள் காலில் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. வெறுங்காலோடு இறங்கினார்கள், வெறுங்காலோடு மரம் வெட்டினார்கள், பலர் வெறுங்காலோடே போய்ச் சேர்ந்தார்கள்.

சிப்பாயின் கால் அழுகினால் போர் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டவர்கள், பால் வெட்டுகிறவர் காலைக் கணக்கில் சேர்க்கவில்லை. வெறுங்காலின் வழியாகக் கொக்கிப்புழு ஏறியது. ஈர மண்ணில் இருக்கும் அந்தப் பொடிப் புழு, பாதத்துத் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் வற்றிய மனிதனுக்கு மூச்சு வாங்கும், கை கால் ஓயும். அப்படி ஓய்ந்தவனைச் 'சோம்பேறிக் கூலி' என்றார்கள். அவன் உடம்பில் இரத்தம் இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்தார்கள்?

பினாங்கு ஆஸ்பத்திரி சொன்ன பாடம்

புழு மட்டுமல்ல, பாம்பும் காலைத்தான் தேடுகிறது. இதை ஆராய்ந்து சொன்னதும் நம் பினாங்குதான். பினாங்குப் பொது மருத்துவமனையில் 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், பாம்புக்கடியோடு வந்தவர்களைப் பல ஆண்டுகள் கூர்ந்து கவனித்தார். வட மலாயாவின் பாம்புக்கடி நிலைமை பற்றி அவரும் அவருடைய சகாக்களும் எழுதிய ஆய்வு 1963இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது.

அந்த ஆராய்ச்சிகளில் முன்னால் நின்றது மலாயாக் குழிவிரியன். மலாய்க்காரர் இதைக் 'காப்பாக் போடோ' என்பார்கள். போடோ என்றால் முட்டாள். ஆள் வந்தாலும் நகராமல், காய்ந்த இலைக் குவியலில் இலையோடு இலையாகச் சுருண்டு கிடப்பதால் அந்தப் பெயர். ஆனால் மிதித்தவரை அது விடாது. கருக்கலில் பால்மரக் காட்டுக்குள் நுழைகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. கடி விழுவது பெரும்பாலும் விரலில், பாதத்தில், கணுக்காலில். அதாவது ஒரு பூட்ஸ் மூடியிருக்கக்கூடிய இடத்தில்!

இன்று பால்மரம் குறைந்து செம்பனை வந்துவிட்டது. ஆபத்து குறையவில்லை, வேஷம் மாறியிருக்கிறது. செம்பனைப் பழத்தைத் தின்ன எலி வரும், எலியைத் தின்ன நாகம் வரும். எலி போனாலும் அதன் மூத்திரம் தண்ணீரில் கிடக்கும். அதனால் வருவதுதான் எலிக்காய்ச்சல். மலாயாவில் இந்த நோய் மனிதருக்கு வருவதை டாக்டர் பிளெட்சர் 1925இலேயே பதிவு செய்தார். 2010 முதல் மலேசியாவில் இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகவும் ஆக்கப்பட்டுள்ளது. காலில் சின்னக் கீறல் போதும், ஊறிப்போன தோல் போதும், கிருமி உள்ளே போய்விடும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், கண் மஞ்சளாதல் இவை தெரிந்தால் கிளினிக்குக்குப் போகும்போதே, "நான் தோட்டத்துல தண்ணியில, சேத்துல வேலை செய்யிறவன்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கலாம்.

பாம்பு கடித்துவிட்டால் செய்ய வேண்டியதையும் நினைவில் வையுங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். வீக்கம் ஏறும் முன்பே பூட்ஸையும் மெட்டியையும் மெதுவாகக் கழற்றி, காலை அசைக்காமல் வைத்து, நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வேலையில் நடந்தது என்றால் சொக்சோவுக்குத் தெரிவிக்கச் சொல்லி ஆபீசில் வற்புறுத்துங்கள்.

"ஸ்டோர்ல இல்லையாம்"

இனி அந்த நான்கு பதில்களுக்கு வருவோம். ஸ்டோரில் இல்லை என்பது கிராணியின் பதில், சட்டத்தின் பதிலல்ல.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் (சட்டம் 514) தன் 15ஆம் பிரிவில், தொழிலாளியின் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் இயன்றதையெல்லாம் செய்வது முதலாளியின் கடமை என்று சொல்லியிருக்கிறது. விவசாயத் துறை தொடக்கத்திலிருந்தே இந்தச் சட்டத்துக்கு உட்பட்டது. 2022இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1ஆம் தேதி திருத்தங்கள் நடப்புக்கு வந்தன. கடமையை மீறுகிற முதலாளிக்கு இப்போது 500,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

"நாங்க கான்ட்ராக்டு ஆளுங்களாச்சே, எங்களுக்கு யார் குடுப்பா?" என்று கேட்கிறவர்கள் இன்று அதிகம். தோட்டம் கான்ட்ராக்டரைக் காட்டும், கான்ட்ராக்டர் தோட்டத்தைக் காட்டுவார். நடுவில் நிற்கிறவன் கால் சேற்றில். இந்தக் கண்ணாமூச்சிக்கும் புதிய 18ஏ பிரிவு ஓரளவு முடிவு கட்டியிருக்கிறது. கான்ட்ராக்டரை அமர்த்துகிறவரும் அந்தக் கான்ட்ராக்டரின் ஆட்களுடைய பாதுகாப்புக்குப் பொறுப்பு.

40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும் என்பது 30ஆம் பிரிவு. உங்கள் தோட்டத்தில் அந்தக் கமிட்டி கூடுகிறதா? அதில் நம் ஆள் இருக்கிறாரா? அவர் வாய் திறக்கிறாரா? கமிட்டியில் தலையாட்டிவிட்டு வருவதற்கு ஒரு பொம்மையே போதும்.

"சம்பளத்துல புடிச்சிட்டாங்க"

இதுதான் எங்களுக்கு அதிகக் கோபம் தருகிற பதில். சட்டம் 514இன் 26ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. இந்தச் சட்டப்படி முதலாளி செய்து கொடுக்க வேண்டியதற்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக்கூடாது என்பதை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் 24ஆம் பிரிவில் வரையறுத்திருக்கிறது. வெளிநாட்டுக்குச் செம்பனை எண்ணெய் விற்கிற பெரிய கம்பெனிகள் பல, ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழை மாட்டி வைத்திருக்கின்றன. அந்த அமைப்பின் 2018ஆம் ஆண்டு விதிகளும், தொழிலாளிக்கான பாதுகாப்புச் சாதனம் இலவசமாகத் தரப்பட வேண்டும் என்றே கூறுகின்றன. சுவரில் சான்றிதழ், சம்பளச் சீட்டில் பூட்ஸ் கழிவு, இது எந்த ஊர் நியாயம்?

ஒரு கணக்குப் பாருங்கள். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. வாரத்தில் ஆறு நாள் வேலைக்கு அது ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. சாதாரண ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி இந்த ஒரு நாள் கூலிக்குள் அடங்கிவிடும். முதலாளிக்கு அது கணக்கில் தெரியாத காசு. நமக்கோ ஒரு நாள் உழைப்பில் பாதி. கம்பெனி சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் தொழிலாளியின் பாதம் அல்ல.

ஆகவே சம்பளச் சீட்டை மடித்துப் பையில் போடாமல் வரி வரியாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். பூட்ஸ் என்றோ, 'பெராலாத்தான்' என்றோ கழிவு இருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்திச் சங்கத் தலைவரிடம் காட்டுங்கள். "கேட்டா தொரை கோவிச்சுக்குவாரு" என்று பயப்பட வேண்டாம். பாதுகாப்பு பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வதும் பழிவாங்குவதும் குற்றம் என்று 27ஆம் பிரிவு சொல்லுகிறது.

"எனக்குச் சேரல"

செருப்புக்காகக் காலைத் தறிக்கலாமா என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். நம் தோட்டங்களில் நடப்பது அதுதான். மருந்தடிக்கிறவர்களில் பெண்கள் பலர். உரம் போடுகிறவர்கள், உதிரிப் பழம் பொறுக்குகிறவர்களிலும் பெண்கள் பலர். ஆனால் ஸ்டோருக்கு வருவது ஆண்கள் அளவு பூட்ஸ். ஐந்தாம் நம்பர் காலுக்கு எட்டாம் நம்பர் பூட்ஸைக் கொடுத்து, "துணி அடைச்சுக்கிட்டுப் போட்டுக்கம்மா" என்கிறார்கள். அந்த அம்மா சரிவில் இறங்கும்போது கால் உள்ளே வழுக்குகிறது, குதிகால் உரிந்து புண்ணாகிறது, மூன்றாம் நாள் பூட்ஸ் மூலைக்குப் போகிறது. அதன்பின் அறிக்கையில் எழுதுவார்கள், 'கொடுத்தோம், போடவில்லை' என்று!

மருந்தடிக்கும் பெண்ணுக்கு வெறுங்கால் எவ்வளவு ஆபத்து என்பதற்கு நம் நாட்டில் சாட்சி உண்டு. தெனகாநீத்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிமருந்து நடவடிக்கைக் கூட்டமைப்பும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் படும்பாட்டை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டன. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 தொடக்கத்தில் மலேசியாவில் தடை செய்யப்பட்டது. ஒரு விஷம் போனாலும் மற்ற மருந்துகள் இருக்கின்றன. முதுகு டாங்கியிலிருந்து ஒழுகுவது இடுப்பு வழியாக இறங்கிக் காலில்தான் சேருகிறது.

இதற்கு நாங்கள் சொல்லும் வழி எளிது. ஒரு தாளை எடுங்கள். சாயந்தரம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், அதன்மேல் நின்று இரண்டு பாதத்தையும் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். பேரை எழுதுங்கள். ஒவ்வொரு லயத்திலும் ஒரு தங்கை அல்லது அக்கா இந்தத் தாள்களைச் சேர்க்கட்டும். தோட்டக் கமிட்டி அதைப் பட்டியலாக்கி நிர்வாகியிடம் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கட்டும். பிறகு 'சைஸ் தெரியாது' என்ற சாக்கு நிற்காது.

"போட்டா வேலை ஓடல"

இந்தப் பதிலைக் கேட்டு நிர்வாகம் சிரிக்கலாம், நாம் சிரிக்கக்கூடாது. இதில் உண்மை இருக்கிறது. எடைக்குக் கூலி, குலைக்குக் கூலி என்று வைத்துவிட்டு, கனமான பூட்ஸைக் காலில் மாட்டினால் எவன் ஓடுவான்? வேகத்துக்குக் காசு கொடுக்கிறவர், வேகத்துக்குத் தடையாக இருக்கும் பூட்ஸைக் கழற்றினாய் என்று தொழிலாளியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வேலைக்கு ஏற்ற பூட்ஸ் கொடுப்பதுதான் முறை. எல்லா வேலைக்கும் ஒரே பூட்ஸ் என்பது எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை என்பது போல.

பால் வெட்டுக்கு இலேசான பூட்ஸ் வேண்டும். கணுக்காலை நன்றாக மூட வேண்டும், அடியில் இடைவெளி விட்ட முட்டுகள் இருக்க வேண்டும். நெருக்கமான கோடு போட்ட அடியில் களிமண் அப்பிக்கொள்ளும், பிறகு வழுக்கும். 'அடிடாஸ் கம்போங்' என்று எல்லாரும் செல்லமாகக் கூப்பிடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து நம்மில் பலருக்குப் பழக்கம். மலிவு, இலேசு, சரிவில் பிடிப்பு உண்டு. வெறுங்காலுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் கணுக்காலை மூடாது. பாம்புக்கும் தண்ணீருக்கும் அது பாதி வேலிதான்.

செம்பனை வெட்டுக்கு மட்டையின் முள் ஏறாத தடித்த அடி வேண்டும். குலை விழுந்தால் விரலைக் காக்க முன்பக்கம் இரும்புத் தொப்பி வேண்டும். அத்தகைய பூட்ஸில் ஐ.எஸ்.ஓ. 20345 என்ற எண்ணும் சிரிம் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று. ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கிறோம் என்று மின்கம்பிக்குப் பக்கத்தில் நீளக் கம்பை உயர்த்தாதீர்கள். பெரிய மின்சாரத்தை இந்தப் பூட்ஸ் தடுக்காது.

மருந்தடிப்புக்கு முழங்கால் வரை உயர்ந்த, உள்ளே துணி இல்லாத பூட்ஸ் நல்லது. துணி இருந்தால் மருந்து அதில் ஊறிக் கிடக்கும். இங்கே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மற்ற வேலையில் கால்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகலாம். எறும்பும் அட்டையும் ஏறாது. மருந்தடிக்கும்போது கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் வழிகிற மருந்தெல்லாம் பூட்ஸுக்குள் இறங்கி, காலை அதிலேயே ஊறவைக்கும்.

வாங்கும்போது பொருளையும் பாருங்கள். கடையில் 'ரப்பர் பூட்ஸ்' என்று விற்பதில் பெரும்பாலானவை பி.வி.சி. பிளாஸ்டிக். அது மலிவு, மருந்துக்கும் எண்ணெய்க்கும் ஓரளவு தாங்கும்; ஆனால் நாளாக ஆக விறைத்து, மடிப்பில் வெடிக்கும். இயற்கை ரப்பர் நன்றாக வளையும், காலோடு இழையும். ஆனால் பெட்ரோலும் எண்ணெயும் அதற்கு எதிரி. கையால் கணுக்கால் பக்கம் மடக்கிப் பாருங்கள். மடித்த இடத்தில் வெள்ளைக் கீறல் விழுந்து மறையாமல் நின்றால் வேண்டாம். காலுறையோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நடக்கும்போது குதிகால் தூக்கி அடிக்கக்கூடாது. இரண்டு காலில் எது பெரிதோ அதற்கே அளவு.

பூட்ஸைப் பிள்ளை போலப் பார்ப்போம்

உரிமையைக் கேட்டு வாங்கியபின் பொறுப்பும் நம்முடையது. கொடுத்த சாதனத்தைப் போட வேண்டும், பாழாக்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகள் நமக்கும் கடமை வைத்திருக்கின்றன. கொடுத்த பூட்ஸைக் கடையில் விற்றுவிட்டு வெறுங்காலோடு வருகிறவர், அடுத்தவர் கேட்கிற உரிமைக்கும் குழி பறிக்கிறார்.

வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் சேற்றைக் கழுவுங்கள். ஒட்டிய பாலைச் சுரண்ட வேண்டாம், காயவிட்டு உரித்தால் வந்துவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டுத் துடைக்காதீர்கள். ரப்பர் ஊதி, இளகி, வீணாய்ப் போகும். மருந்தடித்த பூட்ஸை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அங்கேயே வேலையிடத்தில் கழுவி, அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டும். கழுவ இடம் செய்து கொடுக்கச் சொல்லுங்கள். ஆற்றில் கழுவினால் அந்த விஷத்தை நம் பிள்ளைகள்தான் குளிப்பார்கள்.

வெயிலிலும் அடுப்பங்கரையிலும் காய வைக்காதீர்கள். பால்மரத்துக்கு வெயில் வேண்டும், ரப்பர் பூட்ஸுக்கு வேண்டாம், தோல் வெடித்துவிடும். இரண்டு குச்சியை நட்டு நிழலில் தலைகீழாக மாட்டுங்கள். உள்ளே ஈரமென்றால் படித்து முடித்த பத்திரிகையைக் கசக்கித் திணியுங்கள், இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான்! காலையில் எடுத்தால் ஈரத்தைக் குடித்திருக்கும். இயற்கை ரப்பர் மேல் வெள்ளையாக மாவு பூத்தால் பயப்பட வேண்டாம். அது பூசணம் அல்ல, உள்ளே இருக்கும் மெழுகும் கந்தகமும் மேலே வருவது. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

போடுமுன் தலைகீழாகத் தட்டுங்கள். பூரான், தேள், சின்னப் பாம்பு எல்லாம் இருட்டான இடத்தைத் தேடுகிறவை. இதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

ஓட்டை இருக்கிறதா என்று தெரியவில்லையா? வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றி வையுங்கள், கசியும் இடம் தெரியும். இயற்கை ரப்பர் என்றால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடுகிற மாதிரிதான்: காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, சற்றுக் காயவிட்டு, ஒட்டை அழுத்துங்கள். பி.வி.சி.யில் இந்த ஒட்டு நிற்காது, அதற்குத் தனிப் பசை வேண்டும். ஆனால் மருந்தடிக்கிற பூட்ஸில் ஒட்டுப்போடும் வேலையே கூடாது. ஓட்டை விழுந்தால் மாற்றித் தரவேண்டும். அடி மழுங்கிப்போன பூட்ஸும் அப்படியே. வாங்கிய தேதியை உள்ளே பெயிண்டால் எழுதிவையுங்கள், கேட்கும்போது சாட்சியாக இருக்கும்.

பூட்ஸுக்குள் வேர்க்கும், அதையும் மறைக்க வேண்டாம். பருத்திக் காலுறை இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு தினம் துவைத்து மாற்றுங்கள். தேநீர் நேரத்தில் கழற்றிக் காலுக்குக் காற்றுக் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கைக் கழுவித் துடைத்தால் சேற்றுப்புண் அண்டாது. இனிப்புநீர் உள்ளவர்கள் இன்னும் கவனம். உணர்ச்சி மரத்த காலில் ஒரு சின்னக் கல் உறுத்துவது தெரியாது, புண்ணானபின்தான் தெரியும். தினமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், முடியாதவர் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த மாதமே செய்வோம்

பினாங்கு மாநிலத்தில் தோட்டங்கள் சுருங்கிவிட்டன. பத்து காவானில் தோட்டம் இருந்த நிலத்தில் இன்று ஸ்டேடியமும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. மீதித் தோட்டங்களில் நம்மோடு இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளத்திலிருந்து வந்தவர்களும் நிரை பிடிக்கிறார்கள். நம் பாட்டன் கப்பலில் வந்த மாதிரி அவர்கள் விமானத்தில் வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 'நம்ம ஆளுக்கு மட்டும்' என்று பூட்ஸ் கேட்டால் நிர்வாகம் நம்மைப் பிரித்து வைத்து ஆளும். பாம்பு பாஸ்போர்ட் கேட்டுக் கடிப்பதில்லை. பட்டியலில் அவர்கள் காலும் வரட்டும்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பாத அளவுத் தாள்களைச் சேருங்கள். சம்பளச் சீட்டைப் பாருங்கள். பாதுகாப்புக் கமிட்டியில் பூட்ஸை முதல் பேச்சாக வையுங்கள். நிர்வாகம் கேளாக் காதாக இருந்தால் சங்கத்தின் மூலம் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கு (ஜே.கே.கே.பி.) எழுதுவோம். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், ஒவ்வொரு வேலைக்கும் எந்தப் பூட்ஸ், தேய்ந்தால் எத்தனை நாளில் மாற்று, பெண்களுக்கு எந்த அளவு என்பதை எழுத்தில் கேட்போம். வாய்ப்பேச்சு மழையோடு போய்விடும், எழுத்து நிற்கும்.

உலகத்துச் சிப்பாய்க்கெல்லாம் பூட்ஸ் போட்டுவிட்ட ரப்பர் நம் பாட்டன் சீவிய மரத்தின் பால். அந்த மரத்தடியில் அவர் பேரப்பிள்ளை இனியும் வெறுங்காலோடு நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த பெரட்டில் பேர் கூப்பிடும்போது, "இருக்கேன்" என்று சொல்வதோடு நிற்காமல், "பூட்ஸ் எங்கே?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. எல்லாரும் கேட்டால் ஸ்டோர்க் கதவு திறக்கும்.